கைக்கடக்கமான அலுவலக மடிக்கணினி

மாணவர்களே, சென்ற பருவத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓர் ஐயத்துடன் என்னிடம் வந்தாள். அவள் தந்தையார் நடுவண் அரசு அலுவலர்; மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுபவர். வீட்டிற்கு ஒரே ஒரு மடிக்கணினி வாங்குவதற்குப் பணம் ஒதுக்கியிருந்தனர். அதனை அவளும் எட்டாம் வகுப்பில் பயிலும் அவள் தம்பியும் பகிர்ந்துகொள்ள வேண்டும். "பெரிய திரையுள்ள புதிய கணினி வாங்குவதா, அலுவலகங்களில் பயன்படுத்திய பின் விற்கப்படும் சிறிய கணினியைப் பாதி விலைக்கு வாங்குவதா, ஐயா?" என்பது அவள் வினா.

நான் தமிழாசிரியன்; கணினி அறிவியல் கற்றவன் அல்லன். எனினும், எட்டு ஆண்டுகளாக அத்தகைய சிறு கணினி ஒன்றில்தான் உங்களுக்குரிய பயிற்சித் தாள்களை எழுதி வருகிறேன். ஆகவே அதன் நிறைகுறைகளைப் பட்டறிவால் ஓரளவு அறிவேன்.

தில்லியின் நேரு பிளேஸ், பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய இடங்களுக்குச் சென்றவர்கள், கடைகளில் ஒரே தோற்றமுடைய கருநிறக் கணினிகள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பெரிய நிறுவனங்கள் தம் பணியாளர்களுக்கு நூற்றுக்கணக்கில் மடிக்கணினிகளை வாங்குகின்றன. சில ஆண்டுகள் கழித்து அவற்றை மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. அவ்வாறு கழிக்கப்பட்டவையே இங்கு வருகின்றன. திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் முதலிய பெயர்களை அவற்றின் மூடியில் காணலாம். வீட்டுப் பயனுக்கென விற்கப்படும் கணினிகளின் வரிசை வேறு. இவற்றின் வரிசை வேறு.

இவற்றுள் திங்க்பேட் என்னும் பெயர் பழைமையானது. ஐ.பி.எம். நிறுவனம் 1992ஆம் ஆண்டு அப்பெயரில் மடிக்கணினியை வெளியிட்டது. 'சிந்தி' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை அட்டையில் பொறித்த சிறு குறிப்பேடுகளை அந்நிறுவனம் தன் பணியாளர்களுக்கு வழங்கி வந்தது. கணினியின் பெயர் அதிலிருந்து பிறந்தது. ரிச்சர்டு சாப்பர் என்னும் ஜெர்மானிய வடிவமைப்பாளர், ஜப்பானியரின் உணவுப் பெட்டியை மனத்திற்கொண்டு அதன் வடிவத்தை அமைத்தார். மூடியிருக்கும்போது எளிய கருநிறப் பெட்டி; திறந்தால் விசைகளின் நடுவே சிவப்பு நிறத்தில் ஒரு சிறு குமிழ். 2005ஆம் ஆண்டு இக்கணினிப் பிரிவு சீனாவின் லெனோவோ நிறுவனத்தின் கைக்கு மாறிய பின்னரும் அந்தச் சிவப்புக் குமிழ் மறையவில்லை.

சிறிய கணினியின் முதற்பெருமை அதன் எடைக்குறைவு. 12.5 அங்குலத் திரையுள்ள கணினி பெரும்பாலும் ஒன்றேகால் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை இருக்கும், 15.6 அங்குலத் திரையுள்ள கணினிகள் பல இரண்டு கிலோவைத் தொடும். மேல்நிலை வகுப்பு மாணவரின் பை 3.5 முதல் 5 கிலோவுக்குள் இருத்தல் வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. அதில் இரண்டு கிலோவைக் கணினிக்கே கொடுத்துவிட்டால் புத்தகங்களுக்கு என்ன எஞ்சும்? உங்களுள் பலர் கோடை விடுமுறையில் இரண்டு இரவுகள் தொடர்வண்டியில் பயணம் செய்து ஊருக்குச் செல்பவர்கள். மேல்படுக்கையில் மடக்கிய காலின்மீது வைத்துப் பணி செய்ய இத்தகைய கணினியே ஏற்றது.

விசைப்பலகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நாள்முழுதும் எழுதுவோருக்காக உருவாக்கப்படுவதால், அலுவலகக் கணினிகளின் விசைகள் ஆழமாக அமுங்கி, அழுத்தியதை விரலுக்கு உணர்த்துகின்றன. திரை சிறிதாயினும் எழுத்து விசைகள் ஏறத்தாழ முழு அளவில் உள்ளன. அம்புக்குறி விசைகளும் ஓர விசைகளுமே குறுகிப்போகின்றன. தமிழ் எழுதுவோருக்கு இது பெரிய நன்மை. 1999ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. கடையில் கிடைக்கும் விசைகளிலோ தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதில்லை. எனவே கண்ணால் தேடாமல் விரலின் நினைவால் எழுதப் பழக வேண்டும். அவ்வாறு பழகுவதற்கு ஆழமும் உறுதியும் உள்ள விசைகள் துணைசெய்கின்றன. வீட்டில் தமிழ் பேசியும் எழுதத் தயங்கும் உங்களுக்கு இதைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை!

மற்றொரு சிறப்பு, பழுதுபார்க்கும் எளிமை. அடிப்பகுதியின் திருகாணிகளைக் கழற்றினால் நினைவகம், சேமிப்பகம், மின்விசிறி ஆகியவை கைக்கெட்டும். சில மாதிரிகளில் விசைப்பலகையின்மேல் தண்ணீர் சிந்தினால் அது கீழே வடிந்துவிடும்படி துளைகள் உள்ளன. (சர்க்கரை கலந்த தேநீரைச் சிந்தி இதனைச் சோதிக்க வேண்டா.) பல ஆண்டுகளுக்கு முந்தைய மாதிரிகளுக்கும் மாற்று உறுப்புகள் சந்தையில் கிடைக்கின்றன.

ஆயினும், மெலிதாக்கும் ஆசை இச்சிறப்பைக் கரைத்து வருகிறது. திங்க்பேட் எக்ஸ் வரிசையில் 2017ஆம் ஆண்டு வந்த எக்ஸ்270 மாதிரிக்கு இரண்டு மின்கலங்கள் இருந்தன. ஒன்று உள்ளே, மற்றொன்று பின்புறம் கழற்றி மாட்டத்தக்கது. கணினியை நிறுத்தாமலேயே வெளி மின்கலத்தை மாற்றலாம். அதன் நினைவகத்தையும் கழற்றிக் கூட்டலாம். அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்280 மெலிந்தது, எடையும் குறைந்தது. ஆனால் வெளி மின்கலம் நீங்கியது. நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது. வாங்கும் நாளில் எவ்வளவு நினைவகமோ, கடைசி நாள் வரை அவ்வளவே.

இனிக் குறைகளுக்கு வருவோம். முதற்குறை திரை. 12.5 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 27.7 செ.மீ.; உயரம் 15.6 செ.மீ. மட்டுமே. 15.6 அங்குலத் திரையின் பரப்பு இதனைப்போல் ஒன்றரை மடங்குக்கும் சற்று மிகுதி. வினாத்தாளை ஒருபுறமும் விடைத்தாளை மறுபுறமும் வைத்து எழுத முயன்றால் இரண்டும் நெருங்கிப்போகும். தமிழ் எழுத்துக்கு இன்னுமோர் இடர் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளியும் 'கி', 'கீ' என்பவற்றின் சுழியும் நுண்ணியவை. எழுத்தைச் சிறிதாக்கினால் அவை கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. என் பயிற்சித் தாள்களில் நீங்கள் கண்டுபிடித்துச் சுட்டிய புள்ளிப் பிழைகள் பல, இச்சிறு திரையில் இரவில் திருத்தியவை. இப்பொழுது எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே எழுதுகிறேன்; அதனால் ஒரு நேரத்தில் பத்துப் பதினைந்து வரிகளே தெரிகின்றன.

இத்தகைய குறையுள்ள கணினியை நிறுவனங்கள் ஏன் விரும்பி வாங்கின? விடை எளிது. அலுவலக மேசையில் பெரிய திரையும் தனி விசைப்பலகையும் காத்திருக்கும். பணியாளர் வந்ததும் சிறு கணினியை ஒரு கம்பியால் அவற்றோடு இணைத்துக்கொள்வார். கூட்டத்திற்கோ வெளியூருக்கோ செல்லும்போதுதான் சிறு திரையைப் பார்ப்பார். நம் வீட்டிலோ அந்த மேசையும் பெரிய திரையும் இல்லை. கணினியில் பிழையில்லை; அது எண்ணியிருந்த வாழ்க்கை வேறு.

இரண்டாவது குறை வெப்பம். சிறிய கூட்டினுள் சிறிய மின்விசிறியே அடங்கும். பெரிய காணொளியைத் தொகுத்தாலோ நெடுநேரம் விளையாடினாலோ கணினி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வட இந்தியக் கோடையின் வெப்பமும் புழுதியும் இதனை மிகுவிக்கின்றன. குளிர்காலத்தில் பஞ்சுப் போர்வையின்மேல் வைத்து எழுதுவதும் தீங்கே. காற்று செல்லும் வழியைப் போர்வை அடைத்துவிடும்.

மூன்றாவது, ஆயுள். நாம் பேட்டரி என்று வழங்கும் மின்கலம், ஏற்றி இறக்கும்தோறும் தன் கொள்ளளவைச் சிறிது சிறிதாக இழக்கிறது. எப்போதும் மின்னேற்றியிலேயே மாட்டி முழு அளவில் வைத்திருந்தாலும் அது விரைந்து தளரும். அலுவலகக் கணினிகள் பலவற்றில் 80 விழுக்காட்டோடு நிறுத்தும் அமைப்பு உள்ளது. அதனை இயக்கிவைப்பது நன்று.

மின்கலத்தை மாற்றலாம், செயலியை மாற்ற இயலாது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது. விண்டோஸ் 11 இயங்குதளமோ, இன்டெல் செயலிகளுள் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையனவுமே வேண்டும் என்கிறது. எளிதில் பழுதுபார்க்கத்தக்க எக்ஸ்270 அந்த எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது. கழற்ற முடியாத எக்ஸ்280 மாதிரியில் எட்டாம் தலைமுறைச் செயலி உள்ளவை உள்ளே வந்தன! பழைய கணினியை வைத்திருப்போர் லினக்ஸ் வகை இயங்குதளங்களை நாடலாம். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்பது அவற்றுள் ஒன்று; அது தமிழிலும் இயங்கும்.

பழைய கணினி வாங்குவோர் காணத் தவறும் இடர் ஒன்று உண்டு. நிறுவனங்கள் கணினியின் அடிப்படை அமைப்புக்கே கடவுச்சொல்லிட்டுப் பூட்டிவைப்பது வழக்கம். பூட்டை நீக்காமல் விற்றுவிட்டால், இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவினாலும் அப்பூட்டு அகலாது. சில மாதிரிகளில் தாய்ப்பலகையையே மாற்ற நேரும். என் நண்பர் ஒருவர் இவ்வாறு ஏமாந்தார். எனவே கடையிலேயே கணினியை நிறுத்தி, மீண்டும் இயக்கி, அடிப்படை அமைப்பின் பக்கம் தடையின்றித் திறக்கிறதா, அதில் எதனையும் மாற்ற முடிகிறதா என்று பார்த்தபின் பணம் கொடுக்க வேண்டும்.

அந்த மாணவியிடம் இவற்றையெல்லாம் கூறினேன். தந்தையும் மகளும் அரைநாள் கடைகளில் அலைந்து, எட்டாம் தலைமுறைச் செயலியும் 16 ஜிபி நினைவகமும் உள்ள ஒரு சிறு கணினியை வாங்கினர். வீட்டுத் தொலைக்காட்சியோடு அதனை இணைத்துப் பெரிய திரையாக்கிக்கொண்டனர். தம்பி தொலைக்காட்சி பார்க்கும் நேரமும் அக்காள் படிக்கும் நேரமும் மோதிக்கொண்டதால், சுவரில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டது.

ஆண்டு முடிவில் தந்தையாருக்குக் குவாகாத்திக்கு மாறுதல் வந்தது. தொலைக்காட்சி மற்றப் பொருள்களுடன் சரக்குந்தில் சென்றது. கணினி அவள் தோளில் சென்றது. சரக்குந்து வந்துசேர மூன்று வாரமாயிற்று என்றும், அதுவரை எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அந்தச் சிறு திரையிலேயே விடுமுறைப் பணியை முடித்ததாகவும் அவள் தமிழில் எனக்கு ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தாள். அதில் இரண்டு இடங்களில் புள்ளி விடுபட்டிருந்தது.