ஒத்த வேலையும் ஒத்த ஊதியமும்: நெல்வயல் வேலைப் பகுப்பில் பாலின வேறுபாடு

ஆய்வுச் சுருக்கம்

ஒத்த வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த ஊதியம் வழங்கப்பட வேண்டும் என்னும் சட்டம் இந்தியாவில் 1976இல் இயற்றப்பட்டது. எனினும் வேளாண் கூலியில் வேறுபாடு நீடிக்கிறது. வேலைகளே பால் அடிப்படையில் பகுக்கப்பட்டிருப்பதால், சட்டத்தின் ஒப்பீட்டு அளவுகோல் வயலைச் சென்றடையவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சம ஊதியம், வேலைப் பகுப்பு, நடவு, களையெடுப்பு, திறன் மதிப்பீடு.

முன்னுரை

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 39ஆம் உறுப்பு, ஒத்த வேலைக்கு இருபாலர்க்கும் ஒத்த ஊதியம் என்பதை அரசு பின்பற்ற வேண்டிய நெறியாக வகுத்துள்ளது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கையை இந்தியா 1958இல் ஏற்றது. பன்னாட்டு மகளிர் ஆண்டான 1975இல் அவசரச் சட்டமும், அடுத்த ஆண்டில் சம ஊதியச் சட்டமும் பிறந்தன. நெறியும் சட்டமும் இருந்தும் வேறுபாடு எங்கே உருவாகிறது என்பதே இங்கு எழும் வினா.

சட்டத்தின் அளவுகோல்

‘ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுடைய வேலை’ என்பதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் அளவுகோலாக இருந்தது. திறன், முயற்சி, பொறுப்பு ஆகிய மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று அது நோக்கியது. பன்னாட்டு உடன்படிக்கையோ ‘சம மதிப்புடைய வேலை’ என்கிறது. முன்னது ஒன்றுபோன்ற வேலைகளை மட்டும் ஒப்பிடுகிறது. பின்னது வெவ்வேறு வேலைகளையும் மதிப்பால் ஒப்பிட இடந்தருகிறது. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பும் முந்தைய அளவுகோலையே தொடர்கிறது.

மெக்கினன் மெக்கன்சி வழக்கில் (1987) உச்ச நீதிமன்றம், பெண் சுருக்கெழுத்தாளர்க்கு ஆண் சுருக்கெழுத்தாளரைவிடக் குறைந்த ஊதியம் வழங்கியதை ஏற்கவில்லை. நிறுவனத்தின் நிதி இயலாமை அதற்குக் காரணமாகாது என்றும் கூறியது. ஒரே வகை எழுத்துப்பணியில் இருபாலரும் இருந்தமையால் அங்கு ஒப்பீடு இயன்றது.

வயலில் வேலைப் பகுப்பு

நெல் வேளாண்மையில் அந்நிலை அரிது. உழவு, பரம்படித்தல், வரப்பு வெட்டுதல் ஆகியன ஆண்களின் வேலைகளாகவும், நடவும் களையெடுப்பும் பெண்களின் வேலைகளாகவும் வழங்கி வருகின்றன. நடவு வரிசையில் ஆண் இல்லாதபோது, பெண்ணின் கூலியை எவருடைய கூலியோடு ஒப்பிடுவது? சட்டத்தை மீறாமலேயே குறைந்த கூலி நிலைபெற இப்பகுப்பு வழிவகுக்கிறது.

‘கடின வேலை’, ‘இலகுவான வேலை’ என்னும் வழக்கு இப்பகுப்பிற்கு நியாயம் கற்பிக்கிறது. ஆனால், நடவு என்பது சேற்றில் நாள் முழுதும் குனிந்து நின்று செய்யும் வேலை. நாற்று ஆழமாக ஊன்றப்பட்டால் தூர் கட்டுவது குறையும். இடைவெளி பிசகினால் பயிர் சீராக வளராது. களையெடுப்பில் பயிரோடு ஒத்துத் தோன்றும் புல்லைப் பிரித்தறியும் கண் வேண்டும். விளைச்சலைத் தீர்மானிக்கும் இத்திறன், பெண்ணுக்கு இயல்பாக அமைந்தது எனக் கருதப்படுவதால் திறனாகவே கணக்கிடப்படுவதில்லை. சுமப்பவரின் முயற்சி எடையால் அளக்கப்படுகிறது. குனிந்து நிற்பவரின் முயற்சிக்கு அளவையே இல்லை. நடவு இயந்திரம் வரும்போது அதை இயக்குபவர் பெரும்பாலும் ஆணாகவே இருக்கிறார். அப்போது அதே நடவு, திறன்சார் வேலையாகப் பெயர் பெறுகிறது.

ஓர் எதிர்ச்சான்று

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இருபாலர்க்கும் ஒரே கூலி விகிதத்தை விதித்தது. பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்கினரேனும் பெண்களாக இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அத்திட்டத்தின் மனித உழைப்பு நாட்களில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் பெண்களுடையனவாக அமைந்தன. வெளியே ஆண்களுக்குக் கூடுதல் கூலி கிடைத்ததும் இதற்கு ஒரு காரணம். எனினும், மண் வெட்டுதலும் சுமத்தலும் பெண்களுக்கு இயலாதவை என்னும் கருத்து இதனால் வலுவிழக்கிறது.

முடிவுரை

ஊதிய வேறுபாடு கூலி கொடுக்கும் வேளையில் தோன்றுவதன்று. வேலைக்குப் பெயரும் மதிப்பும் இடும்போதே தோன்றிவிடுகிறது. எனவே ‘ஒத்த வேலை’ என்னும் அளவுகோல் ‘சம மதிப்புடைய வேலை’ என விரிவடைய வேண்டும். குறைந்தபட்சக் கூலியை வரையறுக்கும்போது நடவையும் களையெடுப்பையும் திறன்சார் வேலைகளாக மதிப்பிடுவது அதன் முதற்படியாக அமையும்.