தென்னைக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள்

கஜா புயல் அடித்த மூன்றாம் நாள் என் அத்தை பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தார். பேருந்து ஓடவில்லை. பாதி தூரம் யாருடைய டிராக்டரிலோ தொற்றிக்கொண்டு, மீதி தூரம் சாய்ந்து கிடந்த மின்கம்பங்களைத் தாண்டி நடந்து வந்தவர், வீட்டுக்குள் வராமல் நேரே தோப்புக்குப் போனார். விழுந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்த அப்பாவின் கையைப் பிடித்து, "எப்புடி வளத்த புள்ளைகண்ணே" என்று அழுதார். அப்பாவும் அழுதார். 2018 நவம்பர் 16 விடியற்காலைக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். கிளம்பும்போது அத்தை 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

எங்கள் ஊர் பேராவூரணிக்குப் பக்கம், காவிரியின் கடைமடை. ஆற்றுத் தண்ணீரை நம்பி நெல் போட முடியாமல் போன வயல்கள் பலவும் தென்னந்தோப்பாக மாறிய பகுதி. நட்ட கன்றைத் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்வோம். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, ஆறேழு வருஷம் காத்திருந்தால் பாளை வெடிக்கும். அப்புறம் ஐம்பது அறுபது வருஷம் அது நமக்குச் சோறு போடும்.

அப்பாவிடம் 212 மரங்கள் இருந்தன. ஒரே இரவில் 203 போயின. தென்னைக்கு ஆணிவேர் இல்லை, சல்லிவேர்கள்தான். மழையில் மண் ஊறியிருக்க, உச்சியில் குலையும் மட்டையுமாகக் கனம் இருக்க, காற்று பிடித்து உலுக்கினால் வேரோடு சாயும் அல்லது நடுவில் முறியும். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. அப்பா அந்தக் கணக்கைக் காதில் வாங்கவே இல்லை. வாசலில் உட்கார்ந்து, நிழல் இருந்த இடத்தில் விழும் வெயிலையே பார்த்துக்கொண்டிருப்பார். "இது யாரு ஊரும்மா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

இந்த வேதனைக்கு ஒரு பெயர் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கைத் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் தின்றுகொண்டிருந்த காலத்தில், அங்கே வாழ்ந்தவர்களின் தவிப்பைக் கவனித்த கிளென் ஆல்பிரெக்ட் என்ற தத்துவ அறிஞர், 2003இல் 'சோலாஸ்டால்ஜியா' என்ற சொல்லை உண்டாக்கினார். ஊரை விட்டுப் போகாமலே வருகிற ஊர் ஏக்கம் அது. அப்பா எங்கேயும் போகவில்லை. அவர் ஊர்தான் போய்விட்டது.

கஜாவை மட்டும் தனியே எடுத்து, 'பருவநிலை மாற்றம் செய்த வேலை இது' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் புயலுக்குத் தீனி கடலின் சூடு. பூமி சூடாக ஆக, உருவாகும் புயல்களில் கடுமையானவற்றின் பங்கு கூடும் என்று ஐ.நா.வின் அறிவியல் குழுவான ஐபிசிசி சொல்கிறது. நான் அறிவியல் ஆசிரியை. மறு வருஷம் எட்டாம் வகுப்பில் இதைப் பாடமாக எடுத்தேன். கடல் மட்டம், வெப்பம், புயல் எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டினேன். நாம் தூக்கிப் போடும் பிளாஸ்டிக், அணைக்காத விளக்கு, ஓட்டுகிற வண்டி என்று அடுக்கி, நாம்தான் காரணம் என்று முடித்தேன். வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "அப்ப நாங்க பெரியாளானதும் நம்ம ஊரு இருக்காதா டீச்சர்?" என்று கேட்டாள். கஜாவில் வீட்டு ஓடெல்லாம் பறந்துபோய், அதே பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த குடும்பம் அவளுடையது. ஒரு சைக்கிள்கூட இல்லாத வீட்டுப் பிள்ளையின் தலையில் உலகத்தின் குற்றத்தை நான் ஏற்றி வைத்திருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவள் தனி ஆள் இல்லை. இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பு ஒன்று 2021இல் வெளிவந்தது. பருவநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னவர்கள் 59 சதவீதம். அந்தக் கவலை அன்றாட வாழ்க்கையையே பாதிக்கிறது என்றவர்கள் 45 சதவீதத்துக்கும் மேல். அறியாமையால் சும்மா இருப்பவர்களுக்கு அறிவு புகட்ட வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் ஏற்கெனவே பயந்து போயிருக்கிறார்கள்.

2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்தால் வரப்போகும் பெருமிதத்தைச் சிலரை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். செய்யாமல் விட்டால் வரப்போகும் குற்றவுணர்வை வேறு சிலரை நினைக்கச் சொன்னார்கள். நல்லது செய்ய அதிகம் முன்வந்தவர்கள் பெருமிதத்தை நினைத்தவர்கள்தான். குற்றம் சாட்டப்பட்ட மனசு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்க்கும். என் வகுப்பு குனிந்துகொண்டது அதனால்தான்.

ஆனால் பெருமிதத்துக்கும் முன்னால் ஒன்று வேண்டும் என்று நான் நம்புகிறேன். அதை அத்தை செய்தார். இழந்தவரிடம் போய் உட்கார்ந்து துக்கம் கேட்டார். மஞ்சப்பை எடு, மரம் நடு என்று நாம் எடுத்த எடுப்பில் ஆரம்பித்துவிடுகிறோம். சாவு வீட்டில் யாராவது அப்படிப் புத்தி சொல்வார்களா? ஐஸ்லாந்து மக்கள் 2019 ஆகஸ்டில் ஒரு பனியாற்றுக்கே துக்கம் கேட்கப் போனார்கள். ஓக் என்ற அந்தப் பனியாறு உருகித் தேய்ந்து, இனி பனியாறு இல்லை என்று 2014இல் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்நாட்டுப் பிரதமரும் சேர்ந்து மலையேறிப் போய், அங்கே ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள். அந்த நிகழ்ச்சியின் படத்தை அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "பனிக்கட்டிக்கா?" என்று மட்டும் கேட்டார். கேலி இல்லை அந்தக் குரலில்.

அந்த வருஷமே எங்கள் பகுதி இளைஞர்கள் கைஃபா என்ற பெயரில் சேர்ந்து, ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் கொடுத்த பணத்தில், பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரத் தொடங்கினார்கள். 500 ஏக்கருக்கும் மேல் பரந்த குளம். அப்பா வேடிக்கை பார்க்கத்தான் போனார். ஒரு பையன் வந்து, "பெரியவரே, அந்தக் காலத்துல தண்ணி எந்தப் பக்கமா வந்து விழும்?" என்று கேட்டிருக்கிறான். பல மாதங்களுக்குப் பிறகு, தனக்குத் தெரிந்த ஒன்றை யாரோ கேட்டதில் அப்பாவுக்குக் குரல் திரும்ப வந்தது. மறுநாள் காலை எனக்கு முன்னால் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

கஜாவில் தென்னை விழுந்த இடங்களிலும் வரப்புப் பனைகள் நின்றன. அந்த ஐப்பசியில் அப்பா சாக்கு நிறையப் பனங்கொட்டை பொறுக்கினார். (2021இல் 76 லட்சம் பனை விதைகள் தரப்போவதாக அரசு அறிவித்தபோது, தான் முந்திக்கொண்டதில் அவருக்கு ஒரே சந்தோஷம்.) ஒரு சனிக்கிழமை என் எட்டாம் வகுப்பை எங்கள் ஊர்க் குளக்கரைக்கு அழைத்துப் போனேன். பாடம் நடத்தவில்லை. முதலில் ஒவ்வொருவரும் கஜாவில் எதை இழந்தீர்கள் என்று சொல்லச் சொன்னேன். ஆடு, ஓடு, வேப்பமரம், பரணில் இருந்த அம்மாவின் கல்யாண போட்டோ என்று வந்தது. சில பிள்ளைகள் அழுதார்கள். பிறகு அப்பா கடப்பாரையைப் போட்டுக் காட்டினார். பனங்கொட்டை முதலில் கீழேதான் போகும், மேலே இலை வர மாதக்கணக்கில் ஆகும், பொறுக்காமல் தோண்டினால் கிழங்குதான் கிடைக்கும் என்றார். முந்நூறு கொட்டை போட்டோம். நூற்றுக்குச் சற்று மேலே முளைத்தன. ஆடு மேய்ந்ததும், கிழங்குக்காகத் தோண்டியதும் போக எழுபது தங்கின. அந்தப் பிள்ளைகளிடம் அதற்குப் பிறகு பிளாஸ்டிக் கவரைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கவில்லை. கரையில் கிடப்பதை அவர்களே பொறுக்கினார்கள், அது அவர்கள் கரை என்பதால்.

பயம் போய்விடவில்லை. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் எச்சரிக்கை வந்த இரவுகளில் அப்பா படுக்கவே இல்லை. செய்தி கேட்டபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காற்று கொஞ்சம் சுழன்றாலும் புதுத் தென்னம்பிள்ளைகள் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். ஆறு மணிக்குப் போன் வந்தது. அன்று வகுப்பில் எழுந்து கேள்வி கேட்ட அந்தப் பெண்; அப்போது தஞ்சாவூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, பனை நிக்குதா?"

"முழங்கா ஒசரம்தான் இருக்கு," என்றார் அப்பா, எழுந்து கரைப் பக்கம் நடந்துகொண்டே. "இரு, பாத்துட்டே சொல்றேன்."