ஆறு கஜப் புடவையும் ஏழு சதுர மீட்டர் பாயும்

சிராங்கூன் சாலையில் ஏதாவது ஒரு துணிக்கடையில் ஆறு கஜப் புடவை ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நீளம் ஏறத்தாழ 5.5 மீட்டர், அகலம் 1.15 மீட்டர். பெருக்கினால் சுமார் 6.3 சதுர மீட்டர் வரும். ஒலிம்பிக் போட்டியில் தனி ஆளாகப் படகோட்டும் ஆண் வீரரைக் கடலில் இழுத்துச் செல்லும் பாயின் பரப்பு 7.06 சதுர மீட்டர். ஒரு புடவையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்!

அந்தப் படகுக்கு இப்போது ‘ஐஎல்சிஏ’ என்று பெயர். ‘லேசர்’ என்ற பழைய பெயரைத்தான் இன்றும் பலர் சொல்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த புரூஸ் கர்பி 1969ல் இதை வரைந்தார். காரின் கூரையில் கட்டி எடுத்துச் செல்லக்கூடிய படகு வேண்டும் என்பதுதான் அவரிடம் வைக்கப்பட்ட கோரிக்கை. அதனால் எல்லாமே அளவோடு அமைந்தது. ஃபைபர் கிளாஸ் உடல். நீளம் சுமார் 4.2 மீட்டர், அகலம் சுமார் 1.4 மீட்டர், உடலின் எடை சுமார் 59 கிலோ. இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். சிறு தள்ளுவண்டியில் வைத்தால் ஒருவரே தண்ணீர் வரை உருட்டிச் செல்லலாம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்தப் படகு இடம்பிடித்தது.

கடலைப் பற்றி எங்கள் வானொலி நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தாயார் அழைத்தார். “தம்பி, என் மகளுக்குப் பாய்மரப் படகு கத்துக்க ஆசை. வயசு 13, எடை 43 கிலோ. காத்து தூக்கிட்டுப் போயிடாதா?” என்று கேட்டார்.

பயம் நியாயமானது. அதற்கான பதில் இந்தப் படகின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஒரே உடல், மூன்று பாய்கள்

பெரிய பாய்மரக் கப்பல்களின் அடியில் கனமான எடை இருக்கும். காற்று சாய்த்தாலும் அது கப்பலை நிமிர்த்திவிடும். இந்தச் சிறு படகில் அப்படி எதுவும் கிடையாது. நடுவில் செங்குத்தாகச் செருகிய பலகை, படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும். சுக்கான் திசை திருப்பும். படகைச் சாயாமல் காப்பது ஓட்டுபவரின் உடல் எடைதான். கால்களைப் பட்டைக்குள் மாட்டிக்கொண்டு, உடலைப் படகுக்கு வெளியே நீட்டிப் பின்னால் சாய்ந்து அவர் காற்றைச் சமாளிக்கிறார்.

அப்படியானால் ஒல்லியான பிள்ளைகள் என்ன செய்வது? அவர்களுக்கு வேறு படகு தேவையில்லை, வேறு பாய் போதும். ஐஎல்சிஏ 7 படகின் பாய் 7.06 சதுர மீட்டர். ஐஎல்சிஏ 6ன் பாய் 5.76 சதுர மீட்டர், அதாவது புடவையைவிடச் சற்றுச் சிறியது. ஐஎல்சிஏ 4ன் பாய் 4.7 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஓர் எட்டு முழ வேட்டி. மூன்றுக்கும் படகின் உடல் ஒன்றே, பாய்மரத்தின் மேல்பாதியும் ஒன்றே. கீழ்ப்பாதியையும் பாயையும் மட்டும் மாற்றினால் போதும்.

ஒரு சிறு கணக்குப் போடலாம். 80 கிலோ எடையுள்ளவர் 7.06 சதுர மீட்டர் பாயுடன் போனால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 11 கிலோ எடை துணை நிற்கிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு 5.76 பாய் என்றாலும் அதே 11 கிலோதான். ஆனால் 43 கிலோ சிறுமியை 7.06 பாயில் ஏற்றினால் வெறும் 6 கிலோ! சற்றே பலத்த காற்று வந்தாலும் கவிழ்ந்துவிடுவார். அவரே 4.7 பாயுடன் போனால் 9 கிலோ. மிதமான காற்றில் தாராளமாகப் பழகலாம். இன்னும் தயக்கம் இருந்தால் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கான ‘ஆப்டிமிஸ்ட்’ இருக்கிறது. அது 2.3 மீட்டர் நீளமுள்ள குட்டிப் படகு. பாய் சுமார் 3.3 சதுர மீட்டர். அதில் அவருக்கு 13 கிலோ துணை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மீது விழும் விசை நான்கு மடங்காகிறது. நம் கடலில் பெரும்பாலான நாள்களில் காற்று இலேசாகத்தான் வீசும். அப்போது எடை குறைந்தவருக்கே வசதி. ஆனால் ‘சுமத்ரா’ சூறைக்காற்று வந்தால் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம் வரை போகும். அந்த நேரத்தில் எந்தப் பாயானாலும் கரைக்குத் திரும்புவதே புத்திசாலித்தனம்.

கவிழ்ந்தாலும் படகு மூழ்காது. நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைப் பிடித்து இழுத்து, தேவைப்பட்டால் அதன் மேல் ஏறி நின்றால், படகு நிமிரும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதுவும் ஒரு பாடம். உயிர்காப்பு உடையும் நீச்சலும் கட்டாயம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

வேலூரும் சிங்கப்பூரும் ஒரே மேடையில்

‘இது பணக்கார விளையாட்டு, நமக்கெதற்கு’ என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. செலவு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் படகில் பணத்தைக் கொட்டி வேகத்தை வாங்க முடியாது. உடல், பாய்மரம், பாய் எல்லாமே ஒரே வரைபடத்தின்படி இருக்க வேண்டும், மாற்றக் கூடாது என்பது விதி. வித்தியாசம் ஓட்டுபவரிடம்தான்.

2023ல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஐஎல்சிஏ 7 பிரிவில் தங்கம் வென்றவர் நம் ரயன் லோ. வெண்கலம் வென்றவர் வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன். இருவருக்கும் ஒரே அளவு படகு, ஒரே அளவு பாய். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், பாய்மரப் படகோட்டத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். தோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் அவர் ஓட்டியது அந்த 5.76 சதுர மீட்டர் பாயைத்தான்.

கடலோடிகளின் வழிவந்தவர்கள் என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். நாம் வாழ்வதோ ஒரு தீவில். வீவக வீட்டில் படகு வைக்க இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் ஈஸ்ட் கோஸ்ட்டில் உள்ள தேசியப் பாய்மரப் படகு மையத்தின் தொடக்க வகுப்புகளுக்குச் சொந்தப் படகு தேவையில்லை.

பிள்ளையைச் சேர்க்கும்போது ‘எந்தப் படகு?’ என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளையின் எடையைச் சொல்லி, ‘எத்தனை சதுர மீட்டர் பாய்?’ என்றும் கேளுங்கள். எடைக்கேற்ற பாய் அமைந்துவிட்டால், அந்தத் தாயார் பயந்த அதே காற்று அவர் மகளைப் பத்திரமாகக் கரை சேர்க்கும்.