கைமாறிய மோட்டாரும் கலங்கிய எண்ணெயும்

அந்தமானில் குடியேறி வாழும் நம்மவருள் புது மோட்டார் வாங்கிப் படகில் பூட்டும் வசதி படைத்தோர் சிலரே. ஏனையோர், பிறர் ஓட்டிக் கழித்த அவுட்போர்டு மோட்டாரை, நகையை அடகு வைத்தோ சீட்டுப் பணத்தை எடுத்தோ வாங்குவது வழக்கம். அதில் தவறொன்றுமில்லை. நன்றாகப் பேணப்பட்ட பழைய மோட்டார் பல்லாண்டு உழைக்கும். ஆயின், வாங்குமுன் பலரும் கவனிப்பது அதன் பூச்சையும் ஓசையையும்தான். எண்ணெயைப் பார்ப்போர் அரியர். நாங்களும் பாராமல் வாங்கியவர்களே; பட்டதையும் பின்னர்க் கற்றதையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பது எங்கள் கடமையெனக் கருதுகிறோம்.

இரண்டு குடும்பத்தார் சேர்ந்து 15 குதிரைத்திறன் கொண்ட ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டார் ஒன்றை வாங்கினோம். புரொப்பெல்லருக்கு முன்னே உள்ள கியர்ப் பெட்டியின் எண்ணெயை விற்றவர் தாமே திறந்து காட்டினார். தேனைப் போலத் தெளிவாயிருந்தது. அது முந்தின நாள் ஊற்றிய எண்ணெயாக இருக்கலாம் என்று ஐயுறும் அறிவு அன்று எங்களுக்கு இல்லை. மூன்று வாரம் ஓட்டியபின் திறந்தபோது, பால் விட்ட தேநீரின் நிறத்தில் எண்ணெய் வழிந்தது. எண்ணெயில் கடல்நீர் கலந்திருக்கிறது என்பதே அதன் பொருள். நாங்களோ, பழைய எண்ணெய் கெட்டுவிட்டது போலும் என்று புது எண்ணெய் ஊற்றினோம். மறுபடி வெளுத்தது, மறுபடி ஊற்றினோம். நோய் ஓரிடத்திலிருக்க மருந்தை வேறிடத்தில் தடவிய கதை அது.

ஒருநாள் மாலை வைப்பர் தீவின் அருகே திரும்பி வருகையில், கீழிருந்து அரைவை இயந்திரத்தில் கல் விழுந்தாற்போல் ஓர் ஓசை எழுந்தது. மோட்டார் ஓடிற்று, புரொப்பெல்லர் சுழலவில்லை. படகில் எங்களோடு பதினோரு வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். துறைமுகத்தின் உட்பகுதியாதலால் துடுப்புப் போட்டு இருட்டுமுன் கரையேறினோம். அதே நிகழ்ச்சி வெளிக்கடலில், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நேர்ந்திருக்குமாயின் என்ற எண்ணம் பல இரவுகள் எங்கள் உறக்கத்தைக் கெடுத்தது.

ஜங்கிளிகாட்டில் வேலை செய்யும் மேஸ்திரி ஒருவர் புரொப்பெல்லரைக் கழற்றினார். ஷாப்டின் மேல் தங்கூசி நரம்பு இறுகச் சுற்றிக் கிடந்தது. "தம்பிமாரே, எண்ணெயை மாத்தி மாத்தி ஊத்துனீங்களே, இதை ஒரு தடவை கழற்றிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். எங்களால் விடை சொல்ல இயலவில்லை. கடலில் மிதக்கும் அறுந்த நரம்பு புரொப்பெல்லருக்குப் பின்னே சென்று சுற்றிக்கொண்டு, ரப்பர் சீலை மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது. அந்த வழியே நீர் உள்ளே புகுந்து பேரிங்கைத் துருப்பிடிக்கச் செய்கிறது, பற்சக்கரங்களைத் தின்கிறது. சீலின் விலை சில நூறு ரூபாய். பற்சக்கரமும் பேரிங்கும் பல ஆயிரம். அவையும் சென்னையிலிருந்து கப்பலேறி வர வேண்டியவை; கப்பல் வர ஏறக்குறைய மூன்று நாளாகும். அது புறப்படும் நாளுக்குக் காத்திருப்பது தனிக்கணக்கு. அவ்வளவு நாளும் படகு கரையில், அடுப்பு அரைவயிற்றில்.

நீர் புகும் வழி சீல் ஒன்றே அன்று. எண்ணெய்த் துளைகளை அடைக்கும் இரு ஸ்குரூக்களின் வாசர் நைந்துபோனாலும் புகும். எது காரணமென்று அறிய, மேல் துளையில் கைப்பம்பை இணைத்துச் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அளவில் காற்றடைத்துப் பெட்டியை நீரில் அமிழ்த்தினால், குமிழி எழும் இடமே ஓட்டை. எண்ணெய் நிரப்புவதிலும் ஒரு முறையுண்டு. கீழ்த் துளை வழியே நிரப்பி, மேல் துளையில் எண்ணெய் வழிந்ததும் முதலில் மேலதையும் பிறகு கீழதையும் மூடவேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கி, அரைப்பெட்டி எண்ணெயோடு ஓட்டுவீர்கள்.

இனி, ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டாரின் தலைப்பகுதியிலுள்ள எஞ்சின் எண்ணெய். இது குறைந்தால் அனைவரும் கவலையுறுவர். ஊற்றாமலே கூடினால்? எங்கள் பங்காளி ஒருவர், "கூடினால் லாபந்தானே?" என்றார். அந்த லாபம் நஷ்டத்தில் முடிவது. அளவுகோலில் உள்ள எண்ணெயை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் நாறும். மெதுவாக ஓட்டிக் கொண்டே தூண்டிலிடுவோருக்கு இது அடிக்கடி நேர்கிறது. எஞ்சின் போதிய சூடேறாவிடில் எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி எண்ணெயில் சேரும். உப்புப் படிந்து தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டால் இந்நிலை நீங்காது. பெட்ரோல் பம்பின் டயாபிரம் கிழிந்திருப்பதும் ஒரு காரணமாகலாம். நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்கைக் காப்பதில்லை. ஆகவே காரணத்தைச் சரிசெய்து, எண்ணெயை முழுதும் மாற்ற வேண்டும். அளவு பார்க்கையில் மோட்டார் செங்குத்தாக நிற்கவேண்டும் என்பதையும், அணைத்தபின் சில நிமிடம் பொறுக்கவேண்டும் என்பதையும் மறவாதீர். சாய்ந்த மோட்டாரின் அளவுகோல் பொய் சொல்லும். மோட்டாரைக் கிடத்தி வைப்பதற்கும் உரிய பக்கம் ஒன்று உண்டு. மாறிப் படுக்க வைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் சென்று, மறுநாள் ஊரையே புகையால் மூடும்.

டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்போரின் தொல்லை வேறு. அதில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்து எரிந்துபோகிறது. 50-க்கு 1 என்ற அளவுக்கு அமைந்த மோட்டாராயின் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி எண்ணெய். பழைய மாதிரிகள் சில 25-க்கு 1 கேட்பவை. அவற்றுக்கு 400 மில்லி. விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாமல் மோட்டாரின் கையேட்டையே பார்க்க வேண்டும். மிகுந்தால் புகையும், பிளக் கறுத்து நனையும், நீர்மேல் எண்ணெய்ப்படலம் மிதக்கும், செலவோடு போகும். குறைந்தாலோ பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். மோட்டார்சைக்கிளுக்கு விற்கும் எண்ணெயை ஊற்றுவோரும் உளர். அது காற்றால் குளிரும் எஞ்சினுக்கென அமைந்தது. எரிந்தபின் சாம்பல் விடும். நீரால் குளிரும் படகு மோட்டாருக்கு டி.சி.-டபிள்யூ-3 என்ற குறியுள்ள எண்ணெயே ஏற்றது. எண்ணெயைத் தானே கலந்துகொள்ளும் பம்பு உள்ள மோட்டாரைப் பழையதாக வாங்கினால், சிலநாள் தொட்டியிலும் 50-க்கு 1 கலந்து ஓட்டி, எண்ணெய்க் குடுவையின் மட்டத்தைக் குறித்து வாருங்கள். புகை சற்று மிகும், பொறுத்துக்கொள்ளலாம். மட்டம் இறங்கவில்லையெனில் பம்பு வேலை செய்யவில்லை. அதை அறியாமல் வெறும் பெட்ரோலில் ஓட்டியிருந்தால் மோட்டாரே போயிருக்கும்.

வாங்கப் போகும் அன்பர்களுக்கு ஒன்று. மோட்டாரை நீரில் அரைமணி நேரமாவது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரவு முழுதும் நிமிர்த்தி நிற்க விட்டு, காலையில் கியர்ப் பெட்டியின் கீழ் ஸ்குரூவைச் சிறிதே தளர்த்துங்கள். எண்ணெயை விட நீர் கனமாதலின், பிரிந்து அடியில் தங்கிய நீர் இருந்தால் அதுவே முதலில் சொட்டும். காந்தமுள்ள ஸ்குரூவின் முனையில் மைபோல் நுண்பொடி ஒட்டியிருந்தால் அஞ்ச வேண்டா; செதில் செதிலாக இரும்பு இருந்தால் விலை பேசுவதை நிறுத்திவிடலாம். எண்ணெய் புத்தம் புதிதாகத் தெரிந்தால் எப்போது மாற்றினார், ஏன் மாற்றினார் என்று கேளுங்கள். திறக்கவே விடமாட்டேன் என்பவரிடம் வாங்காதிருத்தல் நன்று. போகும்போது அந்த ஸ்குரூக்களுக்குப் புது வாசர் இரண்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். பழைய வாசரையே மீண்டும் போட்டு மூடினால், இல்லாத ஓட்டையை நாமே உண்டாக்கியவர்களாவோம்.