எரிவாயுவை இணைக்குமுன்

சென்ற கோடை விடுமுறையில் மைசூரிலிருந்து கௌதள்ளியில் உள்ள எங்கள் வீட்டிற்குப் போயிருந்தேன். அன்று காலையில்தான் புதிய சிலிண்டர் வந்திருந்தது. அம்மா அதனை மாட்டித் திறந்துவிட்டு, "என்னவோ நாற்றம் வருகிறதே, கண்ணு" என்றார்கள். உடன் நின்ற பக்கத்து வீட்டுப் பெரியவர், "ஒரு குச்சியைக் கிழித்துக் காட்டினால் எங்கே ஒழுகுகிறதென்று தெரிந்துவிடும்" என்று தீப்பெட்டியை எடுத்துவிட்டார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவரைக் குறை கூறுவதற்கில்லை. விறகடுப்போடு வாழ்நாளைக் கழித்தவர் அவர். விறகின் குற்றம் புகையாகக் கண்ணில் படும். வாயுவின் குற்றம் கண்ணில் படாது. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்திற்குப் பின் ஊதுகுழலை மட்டுமே அறிந்திருந்த எத்தனையோ வீடுகளில் சிலிண்டர் புகுந்தது. அதன் இயல்பை எடுத்துச் சொல்லும் கடமை நம் போன்ற மாணவர்க்கு உண்டு.

சிலிண்டரில் இருப்பது யாது? புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தால் நீர்மமாக்கி அதனை 14.2 கிலோகிராம் அளவில் அடைக்கிறார்கள். வெளிவந்தால் ஒரு லிட்டர் நீர்மம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆதலால் மேலே போகாமல், சிந்திய தண்ணீரைப் போலத் தரையில் பரவித் தாழ்வான இடத்தில் தேங்கும்.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு இவ்வாயு கலந்தாலே தீப்பற்றும். பத்தடி நீளம், எட்டடி அகலம், பத்தடி உயரம் உள்ள சமையலறை முழுவதும் அவ்வளவு கலக்க ஏறக்குறைய ஒரு கிலோகிராம் வேண்டும். தரையை ஒட்டி ஓரடி உயரத்திற்கு மட்டும் தேங்கினாலோ 100 கிராமே போதும்! விறகடுப்பின் தணலும், பூசை விளக்கின் சுடரும் பெரும்பாலும் அந்த ஓரடிக்குள்தானே இருக்கின்றன?

இவ்வாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. நாம் உணரும் நாற்றம், எத்தில் மெர்காப்டன் என்ற பொருளை வேண்டுமென்றே சேர்ப்பதால் வருவது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து தேங்கியது. ஒருவரும் அறியவில்லை. ஒரு பொறி பட்டது. ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். அதன் பின்னரே வாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டுமென்று அம்மாநிலத்தில் சட்டம் பிறந்தது. ஆகவே நாற்றம் ஓர் எச்சரிக்கை. அதை அலட்சியம் செய்யலாகாது.

இனி இணைக்கும் முறையைக் காண்போம். முதலில் அறையிலுள்ள எல்லா நெருப்பையும் அணைத்துவிடுக. சிலிண்டரைச் சமதரையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். அடுப்பு அதனினும் உயரமான மேடையில் இருக்க வேண்டும். மூடியைக் கழற்றி, வால்வினுள் கறுப்பு ரப்பர் வளையம் பழுதின்றி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரெகுலேட்டரின் குமிழ் மூடிய நிலையில் இருக்கட்டும். அதன் அடிவளையத்தைத் தூக்கிப் பிடித்து, வால்வின்மேல் நேராக வைத்து, இலேசாகத் திருப்பி அழுத்தி, வளையத்தை விட்டுக் கீழே அழுத்துக. இழுத்தால் கழன்று வரலாகாது. ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீள வேண்டாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்பு மறையுமாதலால் அதன்மேல் துணி சுற்றவும் கூடாது. பின்னர்க் குமிழைத் திறந்து, இணைப்புகளின் மேல் சோப்பு நீரைத் தடவுக. குமிழி எழுந்தால் கசிவு உண்டு.

நாற்றம் வந்தால் செய்ய வேண்டியவை சிலவே. ரெகுலேட்டரை மூடுக, கதவு சன்னல்களைத் திறந்துவிடுக. மின்விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி எழக்கூடும். வெளியே சென்று 1906 என்ற எண்ணை அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் உதவி கிடைக்கும்.

எங்கள் வீட்டில் நடந்ததும் இதுவே. குமிழை மூடிக் கதவுகளைத் திறந்தோம். ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தால் ரப்பர் வளையம் கீறியிருந்தது! மூடியைப் பொருத்திச் சிலிண்டரை முற்றத்தில் வைத்தோம். மாலையில் ஆள் வந்து புது வளையம் போட்டார். சோப்பு நீரைத் தடவியபோது ஒரு குமிழியும் எழவில்லை. அருகிலிருந்து பார்த்த அந்தப் பெரியவர், "இவ்வளவுதானா?" என்றார்.

ஆம், இவ்வளவுதான். காலணாச் செலவில்லாத சோதனை அது. தோழர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, முதலில் உங்கள் வீட்டு ரப்பர் குழாயின் வயதைக் கேளுங்கள்.