பெயரை வலக்கோடியிலிருந்து படியுங்கள்

காரைக்காலுக்கு மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல். நாகப்பட்டினம் கூப்பிடு தூரம்தான். ஆனால் காரைக்கால் வண்டியின் நம்பர் பிளேட்டில் பிஒய் 02 என்றிருக்கும். கோப்புகள் சுமார் 130 கி.மீ. தள்ளியுள்ள புதுச்சேரிக்குப் போகும். ஊர் எங்கே இருக்கிறது என்பது ஒன்று, யார் பொறுப்பில் இருக்கிறது என்பது வேறொன்று. டொமைன் எனப்படும் இணையதளப் பெயர்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் சட்டெனப் பிடிபடும்.

மாவட்ட நிர்வாகத்தின் தளம் 'காரைக்கால் டாட் கவ் டாட் இன்'. இதை வலக்கோடியிலிருந்து படிக்க வேண்டும். 'இன்' இந்தியாவுக்குரியது, அதன் பதிவேடு நிக்சி என்ற அமைப்பிடம் இருக்கிறது. 'கவ்' அரசுக்கென ஒதுக்கிய பகுதி. அதைத் தேசியத் தகவலியல் மையம் கவனிக்கிறது. அதற்கடியில்தான் காரைக்கால். புதுச்சேரி அரசின் தளமோ 'பிஒய் டாட் கவ் டாட் இன்'. நிர்வாகத்தில் காரைக்கால் புதுச்சேரியின் ஒரு மாவட்டம்; பெயர் வரிசையில் இரண்டும் ஒரே படியில் நிற்கின்றன!

கணினிகள் ஒன்றையொன்று தேடிப் பிடிப்பது எண் முகவரியால். இணையத்தின் தொடக்க காலத்தில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்பதெல்லாம் ஒரே கோப்பில் இருந்தது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகப் பெருக அது கட்டுப்படியாகவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ், பெயர்களைப் பலரிடம் பிரித்துக் கொடுக்கும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். நீங்கள் போனில் தளத்தின் பெயரைத் தட்டியதும், உங்களுக்கு நெட் தரும் நிறுவனத்தின் சர்வர் முதலில் பெயர் வரிசையின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வரிடம் கேட்கும். அது எண்ணைச் சொல்லாது. 'இன்' யாரிடம் இருக்கிறது என்று மட்டும் காட்டும். அவர்கள் 'கவ்' பக்கம் அனுப்புவார்கள். கடைசியில் இருப்பவரே எண்ணைத் தருவார். எல்லாம் கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். கிடைத்த பதிலைச் சர்வர் சிறிது நேரம் சேமித்து வைத்திருக்கும். தளத்தை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகும் சிலருக்குப் பழைய பக்கமே தெரிவது இதனால்தான்.

பெயரை வலக்கோடியிலிருந்து படிக்கத் தெரிந்திருப்பது காரைக்கால் மாவட்டத்தின் திருநள்ளாறு கோயிலுக்கு வரும் பக்தர்களுக்கு மிகவும் அவசியம். சனிப்பெயர்ச்சி நேரத்தில் வெளியூரிலிருந்தே அர்ச்சனைக்குப் பணம் கட்ட நினைப்பவர்கள் ஏராளம். 'திருநள்ளாறு' என்ற சொல்லைச் சேர்த்து 'டாட் காம்', 'டாட் இன்' பெயர்களை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கோயிலுக்கும் வாங்குபவருக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கமாட்டார்கள். 2005 முதல் 'டாட் இன்' எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. 'கவ் டாட் இன்' மட்டும் அரசு அமைப்புகளுக்குத்தான் கிடைக்கும். ஆகவே பெயரின் முன்பகுதியில் கோயிலைப் பார்த்ததும் பணம் அனுப்பிவிடாதீர்கள். கோயில் அலுவலகத்திலோ மாவட்டத் தளத்திலோ சரியான முகவரியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்கோ லாட்ஜுக்கோ தளம் தொடங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெயரைப் பதிந்து தருபவர் ஒருவர், பக்கங்களைச் சர்வரில் வைத்திருப்பவர் இன்னொருவர். வடிவமைப்பவர் இரண்டையும் தானே முடித்துத் தருகிறேன் என்பார். முடிக்கட்டும்; ஆனால் பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். டொமைனைச் சொந்தமாக வாங்குவது என்று எதுவும் கிடையாது, ஆண்டுக் கணக்கில் குத்தகைதான். கெடு தாண்டிய 'டாட் காம்' பெயர் நீக்கப்பட்டால், கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதன்பின் 5 நாள் யாரும் தொட முடியாது. ஆறாம் நாள் முந்திக்கொள்பவர் கையில் அது போய்விடும்.