மாடியிலிருந்து எழுப்பினால் கீழ்வீட்டு கம்ப்யூட்டர் எழாதது ஏன்?

அணைத்து வைத்திருக்கும் கம்ப்யூட்டரை இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக இயக்கும் வசதிக்கு 'வேக் ஆன் லேன்' என்று பெயர். கீழ்த்தளத்து டெஸ்க்டாப்பை மாடி அறை லேப்டாப்பிலிருந்து எழுப்பப் பார்க்கிறீர்கள், அசையவில்லை. மதர்போர்டு பழுது என்று முடிவு கட்டி சர்வீஸுக்குத் தூக்கிச் செல்லும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எழுப்பும் செய்தியை 'மேஜிக் பாக்கெட்' என்பார்கள். 6 பைட் அடையாளம், அதன்பின் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி 16 முறை. மொத்தம் 102 பைட்கள். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் கார்டுக்குச் சிறிது மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். தன் முகவரியைக் கண்டதும் கார்டு கம்ப்யூட்டரை எழுப்பும்.

தூங்கும் கம்ப்யூட்டர் வழக்கமான அழைப்புக்குப் பதில் தராது. எனவே இச்செய்தி அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லாவற்றுக்கும் பொதுவாக, 'பிராட்காஸ்ட்' ஆக அனுப்பப்படுகிறது. ரவுட்டர்கள் பிராட்காஸ்ட் செய்தியைத் தம்மைத் தாண்டி அடுத்த நெட்வொர்க்குக்கு விடுவதில்லை. சிக்கல் இங்கேதான்.

முதலில் இரு கம்ப்யூட்டர்களின் ஐபி முகவரிகளையும் பாருங்கள். கீழே 192.168.1.5, மாடியில் 192.168.0.7 என்பது போல மூன்றாவது எண் மாறியிருந்தால், மாடிக்கு வாங்கிய இரண்டாவது ரவுட்டர் தனி நெட்வொர்க்கை உருவாக்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, லேப்டாப்பைக் கீழ் ரவுட்டரில் இணைத்து முயலுங்கள். டெஸ்க்டாப் எழுந்தால் அதில் குறை இல்லை. எழாவிட்டால் பயாஸில் வேக் ஆன் லேன் இயங்குகிறதா, டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் அனுமதி டிக் செய்யப்பட்டுள்ளதா என்று பாருங்கள். விண்டோஸ் 8 முதல் வரும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் நிறுத்திப் பாருங்கள்.

ஷட் டவுன் செய்தவுடன் எழுகிறது, அரை மணி கழித்து எழவில்லையா? செய்தி பிராட்காஸ்டாகப் போகாமல் ஐபி முகவரிக்குப் போகிறது. அந்த முகவரி எந்தக் கார்டுக்கு உரியது என்பதை ரவுட்டர் சிறிது நேரத்தில் மறந்துவிடும்.

தீர்வு எளிது. மாடி ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' நிலைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையெனில் அதன் டிஹெச்சிபி-யை நிறுத்தி, கீழ் நெட்வொர்க்கில் யாரும் பயன்படுத்தாத ஐபி எண் ஒன்றை அதற்குக் கொடுங்கள். பிறகு வேன் போர்ட்டில் உள்ள கேபிளை லேன் போர்ட்டுக்கு மாற்றுங்கள். வீடு முழுவதும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

வெளியூரிலிருந்து எழுப்புவதற்காக ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட வேண்டாம். அந்த வாசல் வெளியாட்களுக்கும் திறந்தே இருக்கும்.